லெம்லெமின் கணவன் மலையேறிய நாள்

தோல் வாரை இடுப்பில் இறுக்கிக் கட்டியதும் கிதெய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

எதிரே செங்குத்தான பாறை. அதன் உச்சியில் டாமோ மடாலயம். படி கிடையாது, பாதை கிடையாது. மேலிருந்து துறவிகள் தொங்கவிடும் தோல்கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான்.

அதுவும் ஆண்கள் மட்டும். பெண்கள் அடியிலேயே பாறையை முத்தமிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்.

அவன் மனைவி லெம்லெமுக்கு அதில்தான் ஆத்திரம்.

"அந்தத் தாடிக்காரங்க அப்படி என்னத்தை ஒளிச்சு வச்சிருக்காங்களோ! ஒண்ணு விடாம பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும், ஆமா."

கிதெய்க்கு முன்னால் ஏறிய தடியன் ஒருவன் பாதியில் அலறிக்கொண்டு இறங்கிவிட்டான். வரிசையில் நின்ற பெரியவர் கிதெய்யின் தோளைத் தட்டினார்.

"நீ கீழே மட்டும் பாத்துடாதப்பா. தலை சுத்திரும்."

லெம்லெம் குபீரென்று சிரித்தாள். கிதெய்யும் சிரித்தான். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கயிற்றில் மாட்டுத்தோல் வாசனை. எத்தனையோ உள்ளங்கைகள் பட்டு வழவழத்திருந்தது. மேலே இழுத்தார்கள், கிதெய் பாறையை உதைத்து எழும்பினான்.

"இடது கால்! இன்னும் மேல! அங்க இல்ல, மாடே, அதுக்கும் மேல!"

"ஏறுறது இவனா, இவன் பெண்டாட்டியா?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது.

திடீரென்று கால் வழுக்கியது. அவன் காற்றில் ஊசலாடினான். தோள் பாறையில் மோதியது. கீழே சிரிப்பு அடங்கியது.

லெம்லெம் மட்டும் பதறவில்லை. "வலது கால். முழங்காலுக்கு நேரா ஒரு குழி இருக்கு. வச்சுட்டியா? ம், ஏறு."

ஏறினான்.

உச்சியில் நாலு கைகள் அவனை அள்ளிப் புல்லில் போட்டன. குங்கிலியப் புகை, மணிச் சத்தம், ஓயாத காற்று. மூச்சு வாங்க எழுந்தவன், ஒரு துறவியின் அங்கியைப் பற்றிக்கொண்டு, "எல்லாத்தையும் காட்டுங்க அபா, எல்லாத்தையும்" என்றான்.

தேவாலயத்துக்குள் போனவனுக்கு, இறங்கும்வரை காத்திருக்கப் பொறுக்கவில்லை. விளிம்புக்கே திரும்பி வந்து குப்புறப் படுத்தான். துறவி பதறிப்போய் அவன் போர்வையைப் பிடித்துக்கொண்டார்.

"லெம்லெம்! உள்ளே யானை இருக்கு! மரத்துல செதுக்கின யானை! தும்பிக்கையைச் சுருட்டி வாய்க்குள்ள வச்சிருக்கு!"

கீழே பெண்கள் கும்பலாக நெருங்கி வரும் சத்தம் கேட்டது.

"என்ன கலரு?" என்று கத்தினாள் லெம்லெம்.



பிறந்ததிலிருந்தே பார்வையில்லாதவன் கிதெய். யானையைக்கூட விரல்களால் தடவித்தான் அறிந்திருந்தான். வானம் என்ன நிறம், கழுதை என்ன நிறம், இன்றைக்கு நீ உடுத்தியிருப்பது என்ன நிறம் என்று கல்யாணமான நாளாக அவளை நச்சரித்து வருகிறவன். அவனிடம் இதுவரை யாரும் நிறம் கேட்டதில்லை.

துறவி உதவிக்குக் குனிந்தார். கிதெய் கையமர்த்தினான்.

"சிவப்பு!" என்று கத்தினான். "நல்ல சிவப்பு!"