கடலரசிக்கு ஒரு விரிப்பு

2016 ஜூன் மாதம் ஒரு காலை ஒன்பது மணிக்கு, கண்ணாடியில் இரண்டு மாலைகளோடு, உதிரிபாகக் கடை வாசலில் வந்து நின்றாள் கடலரசி. மீன் ஏற்றுவதற்காக வாங்கிய புது பிக்கப் வண்டி அவள். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம்கூடக் காயவில்லை.

“சரக்கு வைக்கிற தளத்துல ஒரு கீறல்கூட விழக்கூடாது. என்ன போடலாம்?” என்று கேட்டாள்.

சுருண்டு கிடந்த ரப்பர் விரிப்பு சொன்னது: “என்னைப் போட்டுக்கோ தங்கச்சி. ஆனா மீன்ல வடியறது உப்புத் தண்ணி. வாரத்துக்கு ஒருதடவை என்னைத் தூக்கிட்டு, அடியில கழுவிக் காயவைக்கணும்.”

“வாரா வாரம் ஊரே பாக்கத் திறந்து காட்டணுமா?”

மூலையில் நின்ற, தளத்தை மூடும் பிளாஸ்டிக் உறை சிரித்தது. “அவன் கிடக்கான், விடும்மா. என்னைத் திருகாணி போட்டு முடுக்கிட்டா உன் தளத்தை நீயே பாக்க முடியாது.”

“அடியில துரு பிடிச்சா எப்படிடா தெரியும்?” என்றது ரப்பர்.

“தெரியவே தெரியாது!” என்று பெருமையாகச் சொன்னது உறை.

“அப்ப நீதான்,” என்றாள் கடலரசி. ரப்பர் மறுபடி வாய் திறப்பதற்குள் திருகாணிகள் இறங்கிவிட்டன. அதன்பின் துறைமுகத்தில் எந்த வண்டி பக்கத்தில் நின்றாலும், “என் பளபளப்பைப் பாத்தியா?” என்று கேட்பாள்.

2023 மார்ச் 14ஆம் தேதி, தகுதிச் சான்று சோதனைக்காக உறையை முதல்முறையாகக் கழற்றினார்கள். அதிகாரி தளத்தில் கால் வைத்தார். கால் உள்ளே போனது. கடலரசி பழைய இரும்புக் கடைக்குப் போனாள். உறையைக் கழுவித் துடைத்து, மறுநாள் இன்னொரு வண்டியில் முடுக்கினார்கள்.