ஒரே பெட்டிக்குள்

“லூப்பேக்கைத் தூக்கிட்டேன். பிரச்சினை முடிஞ்சுது சார்!” என்றாள் அவள், ஹெட்போனைச் சரிசெய்துகொண்டே.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று நாடித்துடிப்பைக் கண்காணிக்கும் குட்டிப் பெட்டிக்கான வேலை அது. அதன் கர்னல், அதாவது உள்ளே ஓடும் எல்லா புரோகிராம்களையும் கட்டி மேய்க்கும் மூல மென்பொருள், அவள் எழுதியது. சிப்பில் இடம் போதவில்லை. மாலைக்குள் அடங்காவிட்டால் ஆர்டர் கைநழுவும்; அவளுடைய டீமையே கலைத்துவிடுவார்கள்.

“எதைத் தூக்கினாங்களாம்?” ஆன்லைன் மீட்டிங்கில் டெஸ்டரின் குரல் சீறியது. “அது இல்லாம நான் பாஸ் போட மாட்டேன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க சார்.”

“அவங்களுக்கே கேக்குதுய்யா! நான் என்ன மைக்கா?” என்றார் மேனேஜர். “முதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. லூப்பேக்னா?”

“பெட்டி தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கிற வழி சார். போற செய்தி வெளியவே போகாது. வாசல் வரைக்கும் போயிட்டு உள்ளேயே திரும்பிடும். இந்தப் பெட்டிக்கு நெட்வொர்க்கே கிடையாது. அப்புறம் இது எதுக்கு, அழகுக்கா?” என்றாள் அவள்.

“துடிப்பை எண்ணுறது ஒரு புரோகிராம், துடிப்பு நின்னா மணி அடிக்கிறது இன்னொரு புரோகிராம். ரெண்டும் அது வழியாத்தான் பேசிக்குது சார்,” என்றார் டெஸ்டர்.

“ஒரே பெட்டிக்குள்ள பக்கத்துப் பக்கத்துல இருக்குதுங்க. நேரா பேசிக்கட்டுமே! நடுவுல தபால்காரர் எதுக்கு?”

“நேரா பேசிக்கிற மாதிரி எழுதியிருந்தாத்தானே? ஒண்ணு விழுந்தா இன்னொண்ணையும் சேர்த்து இழுத்துடும்னு தள்ளி வெச்சதே மேடம்தான்!”

மேனேஜருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “வாய்ச்சண்டை எதுக்கு? ஓட்டிப் பார்த்துடலாமே!”

மேஜைமேல் இருந்த மாதிரிப் பெட்டியில் புதிய கர்னலை ஏற்றினாள். இரண்டு புரோகிராம்களும் ஜம்மென்று எழுந்தன. செயற்கைத் துடிப்பைத் தரும் கருவியை இணைத்தாள். திரையில் எழுபத்திரண்டு.

“பார்த்தீங்களா சார்?”

“துடிப்பை நிறுத்தச் சொல்லுங்க.”

ஒயரைப் பிடுங்கினாள். எழுபத்திரண்டு சரிந்து பூஜ்யமானது. மணி அடிக்கவில்லை.

உற்றுப் பார்த்தாள். துடிப்பை எண்ணும் புரோகிராம் தன் வேலையைச் செய்துவிட்டது. மணி அடிக்கும் புரோகிராமும் விழித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் உயிரோடு, ஆரோக்கியமாக. ஆனால் ஒன்று சொல்வது மற்றதற்குப் போய்ச் சேரவில்லை. ஒயரின் மறுமுனையில் ஒரு நோயாளி இருந்திருந்தால்?

“மணி கேக்குதான்னு கேளுங்க சார்.”

மேனேஜர் கேட்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

“கேக்கல,” என்றாள் அவளே.

டெஸ்டர் குத்திக்காட்டவில்லை. குரல் சற்று இறங்கியது. “பிரிண்டர் டிரைவரை எடுக்கச் சொல்லுங்க. பழைய புராஜெக்ட்லேருந்து ஒட்டிக்கிட்டே வந்திருக்கு. இந்தப் பெட்டியில பிரிண்டரை எங்க மாட்டப் போறாங்க?”

அட! இத்தனை நாள் கண்ணில் படவே இல்லையே! பிரிண்டர் வெளியே போனது, லூப்பேக் உள்ளே வந்தது. கர்னல் சிப்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒயரைப் பிடுங்கினாள். மணி அலறியது.

“பாஸ்!” என்றுவிட்டு டெஸ்டர் மீட்டிங்கிலிருந்து வெளியேறினார்.

“டீமைக் காப்பாத்திட்டாரு. ஒரு தேங்க்ஸாவது சொல்லும்மா,” என்றார் மேனேஜர்.

“சொல்லிடறேன் சார்.”

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறைக்கதவைத் திறந்தாள். டீ டம்ளரோடு எதிரே மாமியார்.

“அத்தை, பக்கத்து ரூம்ல இருக்கிற உங்க பிள்ளைகிட்ட சொல்லிடுங்க. லூப்பேக் விஷயத்துல அவர் சொன்னதுதான் சரியாம். உங்க மருமக தேங்க்ஸ் சொன்னாளாம்!”