தெரிந்தவர் யாருமில்லாத ஊர்

ஆலனின் தோளுக்குப் பின்னால் ஒரு சர்ச் கோபுரம், அதற்கப்பால் மஞ்சளாய்ப் பூத்த வயல், மேயும் மாடுகள். "அங்க ரொம்பக் குளிருதாங்க?" என்று திரையில் ஜெபினா கேட்டாள். ஆலன் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, சாயங்காலமானால் கொஞ்சம் குளிர்தான் என்றான்.

பேசி முடித்து லேப்டாப்பை மூடினான். பின்னணிப் படமாய் வைத்திருந்த கோபுரமும் வயலும் மாடும் அதோடு மறைந்தன. மிஞ்சியது கலிஃபோர்னியாவின் டப்ளினில், நண்பன் ரூஃபஸ் வீட்டுப் பின்னறை. ஸ்வெட்டருக்குள் வேர்த்து ஊற்றியது.

வேலை போனதை ஃப்ரீமான்ட் வீட்டில் மனைவி ஜெபினாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆலனுக்கு வாய் வரவில்லை. கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்புகிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். பெர்லின், மியூனிக் என்றால் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஏதாவது இருந்து தொலைக்கும். மேப்பில் துழாவி, க்ளைன்ஹாகன் என்று நூறு வீடுகூட இல்லாத ஒரு கிராமத்தைப் பிடித்தான்.

ஜெபினா விடவில்லை. எந்த ஸ்டேஷனில் இறங்கணும், அங்கிருந்து பஸ் உண்டா, கடை எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் இன்டர்நெட்டைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தான். "முகமே வாடிப்போச்சுங்க. தனியா இருக்கீங்க, பாவம்" என்பாள். அந்தப் 'பாவம்' அவனைச் சுட்டது.

அதைவிடச் சுட்டது ரூஃபஸ் போட்ட சோறு. போன வருஷம் ரூஃபஸுக்கு வேலை போனபோது, "ஸ்கில்ஸை அப்டேட் பண்ணலன்னா அப்படித்தான்" என்று சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால் சிரித்தவன் ஆலன். ரூஃபஸ் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னான்: "ஃப்ளைட்டெல்லாம் வேணாம் மச்சான், ஃப்ரீமான்ட் அரை மணி நேரம்தான். போய்ச் சொல்லிடு."

அதற்குள் ஜெபினாவின் வீடியோ கால் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் டபுள் ஷிஃப்ட், பேச நேரமில்லை என்று மெசேஜ் மட்டும் வந்தது.

ஞாயிறு காலை ஆலன் தன் வீட்டு வாசலில் நின்றான். சாவி பையில் இருந்தது. போட்டுத் திறக்க முகமில்லை. பெல்லை அடித்தான். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தான்.

போன் அடித்தது. ஜெபினாதான்.

"ஜெபி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொண்டையைச் செருமினான்.

"இருங்க, நான் முதல்ல" என்றாள் அவள். மூச்சு வாங்கியது, ஆனாலும் குரலில் சிரிப்பு. "உங்க க்ளைன்ஹாகனுக்கே வந்துட்டேன். எந்த வீடுங்க?"