முப்பத்தாறு அங்குலத் தடி

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. டெய்லர் மாட்டிக்கொண்ட அந்தக் கதவின் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். காலுறை வாங்கப் போன நானும் அதை ஒரு தடவை தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தவன்தான்.

"தடியை ஊன்றினா முழங்கை ‘ட’ மாதிரி மடங்கி நிக்கணும் சார். அதுதான் சரியான அளவு," என்றாள் மலையேற்றச் சாமான் கடையின் விற்பனைப் பெண். "உங்க உயரத்துக்கு நாப்பத்து நாலு இன்ச் வரும்."

பயணத்துக்குக் கிளம்பியும் கழுத்திலிருந்து கழற்றாத டேப்பை எடுத்து டெய்லர் தடியை அளந்தார். "முப்பத்தாறுல இறுக்கி நிறுத்த முடியுமாம்மா?"

"நிறுத்தலாம். ஆனா குனிஞ்சுதான் நடக்கணும்."

"பரவால்ல. குனிஞ்சே பழகின தொழில்."

பக்கத்தில் மச்சான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். டெய்லர் மனைவியின் அண்ணன் அவர். நடைப்பயிற்சிச் சங்கத்தின் தலைவர். எதிர்ச்சாரியில் பஸ் நின்றது, உள்ளே சங்கத்தார் இருபத்திரண்டு பேர். பதினோரு மணிக்குக் கிளம்பினால் நாளைக் காலை ஒன்பதாயிரம் அடி உயரத்தில் டீ குடிக்கலாம் என்று ஒரு மாதமாக முழங்கிக்கொண்டிருந்தார்.

டெய்லருக்கு உயரம் ஆகாது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வார். இது பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. மச்சான் கூப்பிட்டபோது வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் தலையை ஆட்டித் தொலைத்துவிட்டார். ஆட்டின தலையை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியாமல் முப்பது நாளாகத் தூக்கமில்லை.

திருகி இறுக்கும் தடியை ஊன்றிச் சாய்ந்தார். சர்ரென்று உள்வாங்கியது. "நம்பி நிக்க முடியாதும்மா."

"கார்பன் பாருங்க சார், இறகு மாதிரி இருக்கும்."

"முட்டுக் குடுத்தா தாங்குமா?"

"நேரா தாங்கும். பக்கவாட்டுல அடிபட்டா ஒடிஞ்சிடும்."

கடைசியில் அலுமினியத்தில், கிளிப் வைத்தது ஒன்று. முப்பத்தாறில் நிறுத்தி, கிளிப்பை டக்கென்று அமுக்கி, உடம்பின் மொத்த பாரத்தையும் இறக்கிப் பார்த்தார். மயிரிழை நகரவில்லை.

"இதுக்கு ரப்பர் மூடி போட்டுக் குடும்மா. எங்கயும் கீறல் விழக் கூடாது."

"ரோட்டுக்குத்தான் சார் ரப்பர். பாறைக்கு இரும்பு முனை வேணும்."

"விடும்மா," என்றார் மச்சான். இவ்வளவு நேரமும் அவர் தடியைப் பார்க்கவில்லை, டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே அளந்தா சரியாத்தான் இருக்கும்."

மலையேறும் கால்சட்டை ஒன்றைப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி டெய்லர் தடியும் கையுமாக டிரையல் ரூமுக்குள் போனார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மச்சான், தடி குறுக்க சிக்கிக்கிச்சு. கதவு திறக்க மாட்டேங்குது."

உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. கதவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே சரியாக முப்பத்தாறு அங்குலம். கடைக்குள் நுழைந்ததுமே டெய்லர் அதைக் கண்ணாலேயே அளவெடுத்துவிட்டார், தொழில் அப்படி.

வெளியே ஆளாளுக்குத் தள்ளினோம். விற்பனைப் பெண்ணுக்கு வியர்த்துவிட்டது. "கார்பெண்டரைக் கூப்பிடவா சார்? பக்கத்துக் கடைதான்."

"வேணாம்மா. உளி கிளி பட்டு வச்சா என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

"அப்ப மேல ஏறிக் குதிங்க சார். தடுப்பு ஏழடிதான், மேல திறப்பா இருக்கு."

"ஏழடியா? ஏறற வேலையெல்லாம் இந்த வயசுல நமக்கு ஆகாதும்மா," என்றார் சங்கத் தலைவர்.

உள்ளே டெய்லர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியில் முதுகைச் சாய்த்திருந்தார். மூன்றடிக்கு மூன்றடிப் பெட்டி, ஜன்னல் கிடையாது, ஃபேன் கிடையாது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

பதினொன்று அடித்தது. மச்சானின் போன் அலறியது.

"நீங்க கிளம்புங்கப்பா," மச்சானின் குரல் தழுதழுத்தது. "மாப்ளே உள்ள தவிச்சுக்கிட்டிருக்காரு. அவரை விட்டுட்டு வந்தா நான் மனுஷனா? மலை எங்க ஓடிடப் போகுது. எனக்குக் குடுத்துவைக்கல, அவ்வளவுதான்."

டெய்லருக்கு நெஞ்சில் ஊசி ஏறின மாதிரி இருந்தது. இருபது வருஷமாக வாய்ச்சவடால் என்று நினைத்த மனிதர், தனக்காக மலையையே விட்டுக்கொடுக்கிறார். அவருடைய ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டு இந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருப்பதைவிட, மேலே போய் மயங்கி விழுந்தாலும் பரவாயில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தடியின் கிளிப்பை நெம்பினார். டக்.

அந்தச் சின்னச் சத்தம் எங்கள் யார் காதிலும் விழவில்லை. மச்சான் மட்டும் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு இடுக்கில் வாயை வைத்தார்.

"மாப்ளே, அதைத் திரும்ப மாட்டுங்க. பஸ் இன்னும் கிளம்பல."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையின் டிரையல் ரூமுக்குக் கதவு கிடையாது, என்றைக்குமே திரைச்சீலைதான்.