டவர் கிடைக்காத வீடு

“சிங்கப்பூர்ல போய் எறங்குனதும் இதே சிம் வேலை செய்யுமுங்களா தம்பி?” கடை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள் புவனா.

அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் அனீஸ் நிமிர்ந்தான். “ரோமிங் பேக் போட்டுட்டாப் போதுங்கம்மா. எறங்குனதும் தானா எடுத்துக்கும்.”

“அப்ப ஒரு மாசத்துக்கே போட்டுருங்க. பையன் ஒரு மாசத்துக்கு டிக்கெட் எடுத்துப்போட்டான்.”

பக்கத்து ஸ்டூலில் இருந்த சாந்தாமணிக்கு அந்த டிக்கெட் இன்றைக்கு மூன்றாவது தடவையாகக் காதில் விழுந்தது.

புவனா அவளுக்கு ஓரகத்தி. ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து வீடு, நடுவில் ஒரு சுவர். தினமும் சாயங்காலம் ஆறரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடிக்கும். புவனா ஸ்பீக்கரில் போட்டு, “மனோஜு, சாப்பிட்டியா கண்ணு?” என்பாள். இந்தப் பக்கம் சாந்தாமணி பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவாள். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றதற்கு அம்மிக் குழவியால் வயிற்றில் இடித்துக்கொண்ட கதைதான். அது அவளுக்கே தெரியும். ஆனாலும் வயிறு எரிவது நிற்கவில்லை.

அவள் மகன் கிருபாசங்கர் கனடாவில் இருக்கிறான். மனோஜைவிடப் பெரிய படிப்பு, பெரிய வேலை. ‘பையன் பேசறானுங்களா?’ என்று யார் கேட்டாலும் சாந்தாமணி ஒரே பதிலைத்தான் சொல்வாள்: “எங்கூட்டுல டவர் கெடைக்கறதில்லீங்க.”

அதைக் கேட்டுக் கேட்டுத்தான் புவனா இன்று அவளையும் இழுத்து வந்திருந்தாள்.

“நம்பரை மாத்தாம, அக்காவுக்கு நல்ல சிம்மாப் பாத்துப் போட்டுக் குடுங்க தம்பி. பாவம், கிருபா அங்கிருந்து கூப்புட்டுக் கூப்புட்டுச் சலிச்சுப் போயிருப்பான்.”

அந்தப் ‘பாவம்’ சாந்தாமணிக்குச் சுருக்கென்றது.

“இப்ப என்ன சிம்முங்கம்மா?” என்றான் அனீஸ்.

“மின்னல்.”

“உங்க பக்கம் மின்னல் அவ்வளவு மோசமில்லீங்களே! போனைக் குடுங்க, பாக்கலாம்.”

சாந்தாமணி மடியில் இருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டாள். “சார்ஜ் இல்லீங்க. எங்க ஊடு பள்ளத்துல இருக்குது. நீங்க மத்த சிம்மைச் சொல்லுங்க.”

“கதிர் போட்டீங்கன்னா சமையக்கட்டுக்குள்ள நின்னே பேசலாமுங்க. இவங்களுதும் கதிர்தான். அலைன்னு இன்னொண்ணு இருக்குது. சிங்காநல்லூர், அவிநாசிப் பக்கம் போனாப் பரவாயில்ல. உங்க தோட்டத்துல தென்னை மரத்து மேல ஏறி நின்னாலும் எடுக்காதுங்க.”

அந்த நேரம் பார்த்து புவனாவின் போன் அடித்தது. “மத்தியானமே கூப்புடறானே!” என்று பூரித்துப்போய் வீடியோவை ஆன் செய்தவள், சாந்தாமணியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பெரியம்மாகிட்டப் பேசு சாமி.”

“பெரிம்மா, நல்லா இருக்கீங்களா? அண்ணன் பேசுச்சுங்களா?”

“டவர் எங்க கண்ணு கெடைக்குது?” என்று சிரித்துவைத்தாள் சாந்தாமணி.

“இனி அந்தக் கொறையே இல்ல மனோஜு. கதிர் போட்டதும் பாரு, கிருபாவும் தெனம் பேசுவான்” என்றபடியே, மகனுக்கு பஸ் ஸ்டாண்டைக் காட்ட புவனா வெளியே போனாள்.

ரோட்டோரம் நின்று போனைப் பார்த்துச் சிரிக்கிறவளையே சாந்தாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போன் அப்படியே கை நழுவிக் கீழே விழுந்து உடையக் கூடாதா என்றிருந்தது.

“அப்பக் கதிரே போட்டுரட்டுங்களாம்மா?”

சாந்தாமணி ஸ்டூலை முன்னால் நகர்த்தி, குரலைத் தாழ்த்தினாள். “அந்த அலை சிம்... எங்க தோட்டத்துல சுத்தமா எடுக்காதுங்கறது நெசந்தானுங்களா?”

“சத்தியமா எடுக்காதுங்க.”

“அப்ப அதையே போட்டுக் குடு சாமி.”

அனீஸ் விழித்தான். சாந்தாமணி பையிலிருந்து போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பேட்டரி நிறைந்திருந்தது.

“ஆறு மாசமா ஊட்டுக்குள்ளயே நாலு கோடும் முழுசாக் காட்டுது. ஒரு தடவைகூட அவன் கூப்புடல. புவனா பாக்கறதுக்குள்ள மாத்திக் குடு கண்ணு.”