நான்காவது கோரின் வியாதி

ஞானதுரையின் கம்ப்யூட்டர் சிப்புக்குள், கணக்குப் போடும் நான்கு கோர்கள் குடியிருந்தன. மூன்று வேலை பார்த்தன. நான்காவதின் அறையைக் கம்பெனியே பூட்டி அனுப்பியிருந்தது. உள்ளே இருப்பது நோயாளி என்று நம்பி, மற்ற மூன்றும் அந்தக் கதவை ஒதுங்கியே கடந்தன.

நான்கு வருஷம் கழித்து ஞானதுரை செட்டிங்கில் எதையோ மாற்றிப் பூட்டைத் திறந்துவிட்டார். நான்காவது கோர் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தது.

"உனக்கு என்னப்பா வியாதி?" என்றது முதல் கோர்.

"ஒண்ணுமில்லை. ஒரு கோர் பழுதான சிப்பை மூணு கோர்னு விலை குறைச்சு விப்பாங்க. எல்லாரும் அதையே கேட்டாங்களாம், பழுதான சிப்பு போதலையாம். நல்லா இருந்த என்னையும் பூட்டிட்டாங்க."

"இத்தனை வருஷம் உள்ளே என்ன பண்ணினே?"

"தூங்கினேன்."

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதல் கோர் இருமியது. இரண்டாவதுக்குத் தலை சுற்றியது. மூன்றாவது, ஏழும் எட்டும் ஐம்பது என்றது.

கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. ஞானதுரை தலையில் அடித்துக்கொண்டார். "கம்பெனிக்காரன் சும்மாவா பூட்டியிருப்பான்?" என்று நான்காவதை மறுபடியும் உள்ளே தள்ளிப் பூட்டினார்.

மூன்றும் தங்கள் வியாதியை விழுங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பின. பூட்டிய அறையிலிருந்து குறட்டை கேட்டது.