மாசம் ஆறாயிரம்

"உங்க பையன் சம்பளம் மாசம் ஆறாயிரம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நீங்கதானே?"

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரு தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பூந்தமல்லி கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்கிறேன். என் மகன் தினகரன் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவனை டிப்பர் லாரி அடித்துவிட்டது. நஷ்டஈடு எவ்வளவு என்பதை அவன் வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். செத்தபிறகும் விடாமல் சம்பளம்தான் கேட்கிறார்கள்.

"இருபத்தெட்டாயிரம்னு சொல்லுங்க ஐயா. தடுமாறாதீங்க," என்று எங்கள் வக்கீலம்மா சௌம்யா காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அது பொய் இல்லை. இருபத்தெட்டாயிரம்தான். சின்ன லேத்துப் பட்டறை. சம்பளத்தைக் கையில் கொடுப்பார்கள், சீட்டெல்லாம் கிடையாது. சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று முதலாளியும் கையை விரித்துவிட்டார்.

ஒவ்வொரு ஏழாம் தேதியும் அந்தப் பழுப்புக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் மடியில் போடுவான். எனக்கு இடுப்பு போய் நான் வீட்டோடு உட்கார்ந்த நாளிலிருந்து அந்தக் கவரில்தான் குடும்பம் ஓடியது.

அந்தக் கவரை நான் ஒருநாளும் மதித்ததில்லை.

முகப்பேரிலிருந்து சம்பந்தம் பேச வந்த மனுஷர், "கைக்கு எவ்ளோ வருது?" என்றார். நான் வாய் கூசாமல் நாற்பது என்றேன். "இந்தக் காலத்துல நாப்பதுல இன்னாங்க பண்ண முடியும்?" என்று காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த எரிச்சலை எல்லாம், வேலை முடிந்து கிரீஸ் கையோடு உள்ளே வந்தவன் மேல் கொட்டினேன். "இதெல்லாம் ஒரு சம்பளமாடா? எவன்டா உனக்குப் பொண்ணு குடுப்பான்?"

அவன் கோபப்படவில்லை. தவணையில் வாங்கிப்போட்ட ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"ஐஸ் தண்ணி கீது. மூணு வேள சோறு கீது. தங்கச்சி ராதிகா நர்ஸுக்குப் படிச்சிகினு கீது. இன்னும் இன்னா நைனா வசதி வோணும் உனக்கு?"

தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

"உங்களைத்தான் கேக்கறேன் வேம்புலி. கையெழுத்து உங்களுதுதானே?" என்று வக்கீல் தாளை மறுபடி ஆட்டினார்.

"ஆமா சார்."

என் மகள் ராதிகாவின் கல்லூரி உதவித்தொகைக்காக எழுதிக் கொடுத்த வருமானப் படிவம் அது. வருடத்துக்கு எழுபத்திரண்டாயிரம், மாதத்துக்கு ஆறாயிரம். எங்கள் தெருவில் யார் படிவத்தை வாங்கிப் பார்த்தாலும் இதே கணக்குதான் இருக்கும். கூட எழுதினால் கிடைக்காது என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தது. சம்பந்தம் பேசினால் ஏற்றிச் சொல்வோம், சலுகை என்றால் இறக்கி எழுதுவோம். உள்ளதை உள்ளபடி யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

"இதுல இருக்கறது உண்மையா, பொய்யா? பொய்யின்னா பொய்யின்னு சொல்லிட்டுப் போங்க."

சௌம்யா அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால், என் பிள்ளைக்கு உள்ள மதிப்பு கிடைக்க வழி உண்டு. ஆனால் பின்பெஞ்சில் ராதிகா உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசி வருடம். பொய்க் கணக்கு காட்டிப் பணம் வாங்கியதாகக் கோர்ட்டில் பதிவானால் அவள் படிப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

இருந்தாலும் பத்து வருடம் இரும்போடு இரும்பாக நின்றவன் அவன். அவனுக்கு ஆறாயிரமா? பொய் என்றே சொல்லிவிட வாயெடுத்தேன்.

சொல்வதற்கு முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை ஒருதரம் பார்த்தேன்.

கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. மற்றதெல்லாம் தினகரன் எழுதியது. எழுபத்திரண்டாயிரத்தின் ஏழுக்கு நடுவே ஒரு சின்னக் குறுக்குக் கோடு இருந்தது. ஒன்றா ஏழா என்று குழம்பி அளவு தப்பிவிடக்கூடாது என்று பட்டறையில் அப்படித்தான் எழுதுவார்கள். பால் கணக்கு எழுதினாலும் அவன் ஏழு அப்படித்தான் இருக்கும்.

படிவம் எழுதிய அன்றைக்கு நான்தான் குதித்தேன். "ஆறாயிரம்னு போட்டா நாலு பேர் சிரிப்பாண்டா. ஒரு பதினஞ்சாவது போடு."

அவன் பேனாவை மூடினான். சிரித்துக்கொண்டே தாளை என் பக்கம் தள்ளினான்.

"ராதிகா படிச்சி முடிக்கட்டும் நைனா. அதுவரிக்கும் எனக்கு ஆறாயிரந்தான்."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"உண்மைதான் சார்," என்றேன். "ஆறாயிரந்தான்."

சௌம்யா அம்மா ஃபைலை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் நான் சொன்னதைத் தட்டி முடித்தார்.

யாரும் கேட்காமலேயே என் வாயிலிருந்து வந்தது.

"நல்ல சம்பளம் சார். நாங்க வசதியா இருந்தோம்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க பெரியவரே," என்றார் வக்கீல்.

டைப்பிஸ்ட் அதை அடிக்கவில்லை.